பச்சைப் பொத்தானில் ஒரு தீக்குச்சி

பிப்ரவரி 11, புதன்

பனி. வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். என் முழங்காலைத் துளைக்கிறது.

காலை வேலைகள்: மாமாவுக்குக் கட்டை லேசாகத் தூக்கிச் சொட்டு மருந்து (ஆபரேஷன் ஆகி நான்காம் நாள், இரண்டு கண்ணிலும் கட்டு). சோறு. மோட்டார் கொட்டகைக்கு ஓட்டம். ஆறே காலுக்கு டவுன் பஸ், தி.வனத்தில் இறங்கி வி.புரம் பஸ். மாமனார் குனியக் கூடாது, தும்மக் கூடாது, கோபப்படக் கூடாது. கடைசியை டாக்டர் சொல்லவில்லை, நான் சேர்த்தது.

கல்லூரிக்கு எட்டு நிமிடம் லேட். மெமோ. இந்த செமஸ்டரில் இரண்டாவது. இன்னொன்று வந்தால் சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏறும். "உங்க வீட்டு மோட்டாருக்காகக் காலேஜ் லேட்டா ஆரம்பிக்க முடியாது மேடம்" என்றார் பிரின்சிபால். நியாயம்தான். அவர் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது.

வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷிப்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து வரப்பில் நடந்து "பயிர் வாடுதே மரகதம்" என்று சொல்லிவிட்டுப் போவார். வாடுவது பயிர் மட்டும்தானா என்று ஒரு நாள் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி., 'இயற்கை வளங்கள்'. புத்தகத்தில் நாலு பக்கம்: நிலம், நீர், காடு, கனிமம். பிள்ளைகள் அப்படியே ஒப்பிப்பார்கள். இன்று புத்தகத்தை மூடச் சொன்னேன். உங்கள் ஊரில் கிணற்று நீர் ஏன் இறங்குகிறது? மழை இல்லை என்றான் ஒருவன். பாவம் பெருகிவிட்டது என்றாள் ஒருத்தி. கவர்மெண்டு என்று நாலைந்து குரல்.

கடைசி பெஞ்சிலிருந்து ஏழுமலை. எங்கள் ஊர், பக்கத்து நிலத்துக் கோவிந்தனின் மகன். "தீக்குச்சியாலதான் மேடம்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. போர்டுக்கு வந்து சொல்லச் சொன்னேன். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கரண்டு வந்ததும் ஒன்பது மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். நிறுத்த ஆள் இருக்காது. வரப்பு உடைந்து வழியும், கிணறு வற்றும், ட்ரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போவதால் கரண்டு இன்னும் நிச்சயமில்லை. அதனால் இன்னும் கட்டாயமாகக் குச்சி.

அம்புக்குறி போட்டேன். கடைசி அம்பு முதல் சொல்லிலேயே வந்து குத்தியது. வட்டம். பத்து வருடமாகப் பாடம் எடுக்கிறேன், இவ்வளவு சுத்தமான வட்டத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

முன் பெஞ்சு ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். "அப்ப யார் மேல தப்பு மேடம்?"

போர்டில் எழுதினேன்: ஆளைத் தேடாதே, வட்டத்தைப் பார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நின்று நானே ரசித்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அம்பு மேடம்'. தெரியாதது போல இருக்கிறேன்.

எங்கள் கொட்டகையிலும் காலையில் குச்சி வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதை வகுப்பில் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

திரும்பும் பஸ்ஸில் ஏழுமலை. ஜன்னலில் சாய்ந்து தூங்கலாம் என்று நினைத்தேன், விடவில்லை.

"நம்ம ஊர்ல பண்ணிப் பாக்கலாமா மேடம்? ஒம்பது பேருதான. ஒரு நாளைக்கு மூணு மோட்டாரு. முறை வச்சிக்கினா ஃபியூஸும் போவாது, கெணறும் ஊறும்."

பாடம் என்றால் பாடத்தோடு நிற்க வேண்டாமோ என்று இருந்தது. பேசிப் பார் என்றேன். பேச மாட்டான் என்று நினைத்துத்தான்.

சோப்பு, மண்ணெண்ணெய், மாமாவுக்குப் பஞ்சு.

பிப்ரவரி 15, ஞாயிறு

பேசிவிட்டான். ஒன்பது பேரும் ட்ரான்ஸ்ஃபார்மர் அடியில். கோவிந்தன் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கட்டோடு மாமாவும் வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா.

மேட்டுக்கொல்லை முனுசாமி: "எல்லாரும் குச்சிய எடுத்தா நானும் எடுக்கறேன்." அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒன்பது பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எடுக்கவில்லை.

மாமா குரலை உயர்த்தினார். "என் வூட்டுக் கொட்டாயில இனிமே குச்சி இருக்காது. இருந்துதுன்னா இந்தக் கட்ட அவுக்கும்போது எனக்குப் பார்வ வர வாணாம்."

கண் மேல் சத்தியம். அதுவும் கட்டுப் போட்டிருக்கும்போதே. முதலில் முனுசாமி போய்த் தன் குச்சியை எடுத்து வந்து போட்டார், பிறகு ஒவ்வொருவராக.

முறையை நான்தான் எழுதிக் கொடுத்தேன். திங்கள் மூவர்: முனுசாமியும் இன்னும் இருவரும். செவ்வாய் அடுத்த மூவர். புதன் நாங்கள், கோவிந்தன், இன்னொருவர். பிறகு மறுபடி முதலிலிருந்து. கையால் போட்டு, கூடவே நின்று, கையால் நிறுத்த வேண்டும். முறை இல்லாத நாளில் கொட்டகைக்குப் பூட்டு.

கரண்டு வராத நாளின் முறை? "போனது போனதுதான்" என்று எழுதினேன். அந்த வரிக்கு அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டு நாளாக ஃபியூஸ் போகவில்லை. லைன்மேன் வந்து ட்ரான்ஸ்ஃபார்மரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "என்னா, ஊர்ல யாரும் இல்லியா?" என்று கேட்டாராம்.

வகுப்பில் ஏழுமலை எழுந்து சொன்னான். கைதட்டல். எனக்குச் சந்தோஷம். எழுதி வைக்கிறேன், அடிக்கடி எழுதக் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 18, புதன்

எங்கள் முறை. ஐந்து மணிக்கே கொட்டகை. கரண்டு இல்லை. ஆறு ஐந்துவரை நின்றேன். பஸ். ஓடினேன்.

மாலையில் வந்தால் நாள் முழுக்கவே கரண்டு இல்லையாம், எங்கோ லைன் அறுந்துவிட்டது. முறை போய்விட்டது. இனி சனிக்கிழமை. நிலத்தில் மல்லாட்டை. கடலைச் செடி பூத்து விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். மண் கெட்டியாக இருந்தால் விழுது இறங்காது. கையால் கிளறினேன், புழுதி.

கோவிந்தனிடம் சாவியைக் கொடுத்து எங்கள் மோட்டாரையும் போடச் சொன்னால் என்ன? ஏற்கெனவே அவர் மனைவி அஞ்சலைதான் மத்தியானம் வந்து மாமாவுக்குக் கேப்பைக் கூழும் சொட்டு மருந்தும் கொடுக்கிறாள். இன்னும் எத்தனைக்குப் போய் நிற்பது. என்னால் முடியாது.

காலேஜில் ஒரு கால், கொட்டகையில் ஒரு கால். நடுவில் இருக்கிற உடம்பு யாருடையது என்றே தெரியவில்லை. இவரிடமிருந்து கடிதம், நாலு வரி. கடைசி வரி: நிலத்தைக் காயவிடாதே.

பிப்ரவரி 19, வியாழன்

எழுதவா வேண்டாமா என்று நெடுநேரம். எழுதுகிறேன்.

காலையில் கொட்டகைக்குப் போனேன். சும்மா பார்க்க என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கையில் தீப்பெட்டி. சும்மா பார்க்கப் போகிறவளுக்குத் தீப்பெட்டி எதற்கு?

கரண்டு இல்லை. முனுசாமி ஆட்களின் நாள். நேற்று எனக்கு வர வேண்டியதைத்தானே எடுக்கிறேன் என்று நினைத்தேன். ஒரே ஒரு மோட்டார் கூடுதலாக ஓடினால் குடி முழுகிவிடாது என்றும் நினைத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தி இடுக்கில் குச்சியைச் செருகினேன். பூட்டினேன். பஸ் பிடித்தேன். லேட் இல்லை. பிரின்சிபால் புன்னகைத்தார்.

மாலை ரோட்டில் இறங்கியதும் வாடை. எண்ணெய் கருகிய வாடை. ட்ரான்ஸ்ஃபார்மர் வயிறு கறுத்து நிற்கிறது. ஒன்பது மணிக்குக் கரண்டு வந்ததாம். மூன்று ஓட வேண்டிய இடத்தில் நாலாவது சத்தம் கேட்டதாம். உடனே ஐந்தாவது. பிறகு ஆளாளுக்குக் கொட்டகைக்கு ஓடினார்களாம். கால் மணி நேரத்தில் எது யாருடையது என்று தெரியாத இரைச்சலாம். பதினொன்றுக்குப் புகை.

நேரே கொட்டகைக்குப் போய்க் குச்சியை எடுத்தேன். ஒடித்துக் கால்வாயில் போட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

யார் முதலில்? ஊரில் இதே பேச்சு.

சத்தம் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது, அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கொட்டகையும் கோவிந்தன் கொட்டகையும் ஒட்டி ஒட்டி. முனுசாமி கடைத்தெருவில் என் காதுபடவே: "பெரியவரு கண்ணு கட்டினு படுத்துக்கினு கீறாரு. டீச்சரம்மா காலேஜிக்குப் பூட்டாங்க. அந்தக் கொட்டாயி பூட்டிக் கெடக்குது. அப்பொறம் யாரு? கோவிந்தன்தான்!"

என் பக்கம் திரும்பி மரியாதையாக "ஜல்தியா போங்கம்மா, பஸ்ஸு வந்துரும்" என்றார். போனேன். வேறென்ன செய்தேன்? போனேன்.

மாலை சொட்டு மருந்து விடும்போது மாமா. "நம்ம மோட்டாரு கெளம்பும்போது ரெண்டு தபா இருமும். வேற எதுவும் அப்டி இருமாது."

சொட்டு குறி தப்பியது. மருந்து கன்னத்தில் வழிந்தது.

"படுத்துக்கினு கேட்டுக்கினேதான் இருந்தேன். நீ வாயத் தொறக்காத. என் வார்த்தய நம்பித்தான் அத்தினி பேரும் எடுத்தாங்க."

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 23, திங்கள்

புது ட்ரான்ஸ்ஃபார்மர் இந்த வாரம் வந்துவிடுமாம். கோவிந்தனும் நாங்களும் நீங்கலாக ஏழு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்: கோவிந்தன் லைனைப் பிடுங்கிவிட்டுத்தான் மாட்ட விடுவார்கள். லைன் போனால் அந்த ஒன்றரை ஏக்கரில் அவர்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை.

ஏழுமலை வகுப்புக்கு வந்தான். கடைசி பெஞ்சில்கூட இல்லை, கதவோரம். ஊர்க் கதை வகுப்புக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவன் கேட்டான்: "முறைய ஒடச்சது யாரு மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா. "ஆளத் தேடாத, வட்டத்தப் பாருன்னு மேடமே சொல்லியிருக்காங்கல்ல?"

என் வாக்கியம். எவ்வளவு அழகாக என்னை மூடுகிறது. ஒளிந்துகொள்ளவே எழுதி வைத்தது மாதிரி.

ஏழுமலை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே: "அப்ப எங்கப்பாவ மட்டும் ஏன் மேடம் தேடுறாங்க?"

மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வகுப்பை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

அஞ்சலை இன்றும் கூழ் கொண்டு வந்திருக்கிறாள். சொட்டு மருந்தும் விட்டிருக்கிறாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் தெருவில் பார்த்தேன். "இன்னா டீச்சரம்மா, மொகம் இப்டி வாடிக் கெடக்குது?" என்று என்னைக் கேட்கிறாள்! அவள் என்னை!

கட்டு அவிழ்க்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறேன். மாமா பதறினால் கண்ணுக்கு ஆகாது. இது ஒரு காரணம். இன்னொன்று: சத்தியம். பார்வை வராமல் போய்விட்டால்? பாட்டனி எம்.எஸ்சி. படித்தவள். பயப்படுகிறேன்.

போர்டில் வரைந்த வட்டத்தை நோட்டிலும் வரைந்து பார்த்தேன். எந்த அம்பில் நான் நிற்கிறேன் என்று தெரிகிறது. வெளியே போக அம்பு எதுவும் இல்லை.

பிப்ரவரி 28, சனி

சி.எல். தி.வனம் ஆஸ்பத்திரி. கட்டை அவிழ்த்தார்கள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் விரலைக் காட்டி எத்தனை என்றாள். சரியாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "மரகதம், உனுக்கு இவ்ளோ நரச்சிப் போச்சா?"

பார்வை வந்துவிட்டது. அழுகை வந்தது. அங்கேயே, எல்லோர் முன்னாலும். நர்ஸ் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தாள். பாதி அதுதான். மீதி, தள்ளிப்போட இனிக் காரணம் இல்லை.

வீட்டுக்கு வரும்போது புது ட்ரான்ஸ்ஃபார்மரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு எல்லோரும் கூடி லைனைப் பற்றி முடிவெடுக்கிறார்கள்.

மாமாவிடம் சொன்னேன், நாளைக்குப் பேசப் போகிறேன் என்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சைத் துணித் தடுப்பைக் கண்ணில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எப்படி என்று நினைவில்லை. முனுசாமி கையில் கட்டிங் பிளேயர். கோவிந்தன் கைகட்டி நிற்கிறார். ஏழுமலை அப்பாவுக்குப் பக்கத்தில். நான் முன்னால் போய், "மொதல்ல ஓடினது எங்க மோட்டார். குச்சி வச்சது நான். மாமாவுக்கு இதுல சம்பந்தம் இல்ல" என்றேன். கல்லூரிக் குரல் வரவில்லை.

மாமா வந்திருந்தார். கூட்டத்தின் ஓரத்தில். யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். இருபது நாள் கழித்துக் கிடைத்த பார்வை, அதை மண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். அது என்னால்.

கோவிந்தன்தான் முதலில் பேசினார். "எனுக்குத் தெரியும்மா. நீங்க குச்சி வச்சிட்டு ஓடனத எங்கொட்டாயிலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். பூட்டிக் கெடந்திச்சி. இல்லன்னா எடுத்திருப்பேன்." பிறகு தானே திருத்தி, "எடுத்திருப்பேனா, தெரில. உங்க மோட்டாரு ஓடிச்சா, எனுக்குந்தான முறை போச்சின்னு நானும் போட்டுட்டேன். ரெண்டாவது நான். அதான் வாயத் தொறக்கல."

"பேஜாரு புடிச்ச வேலடா" என்றார் முனுசாமி. என்னையா அவரையா, தெரியவில்லை. பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கலாம்லம்மா?" கோவிந்தன். கேட்க வெட்கமாக இருந்தது, திருட இல்லை.

அப்போது ஏழுமலை, மெதுவாக: "மேடம், கரண்டு இல்லாத நாளு போனது போனதுதான்னு எழுதனமே. அங்கதான் ஒடஞ்சிருக்குது. முறைய நாள் கணக்குல வைக்கக் கூடாது, கரண்டு வந்த மணிக் கணக்குல வைக்கணும். முறை போவாதுன்னு தெரிஞ்சா யாரு குச்சி வைப்பா?"

பத்து நாளாக ஊரே யார் யார் என்று தேடியது. யார் என்று தெரியாதவரை ஏன் என்றும் தெரியவில்லை. நான் வாயை மூடியிருந்த பத்து நாளும் அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கிறது. போர்டில் எழுதியது பாதிதான். மீதிப் பாதியைத் தைரியம் இருந்தால் வகுப்பில் எழுத வேண்டும்.

புது முறை எழுதியது ஏழுமலை. நாளை எங்கள் மூன்று பேரிலிருந்து தொடக்கம். கோவிந்தன் லைன் பிடுங்கப்படவில்லை.

திரும்பி நடக்கும்போது மாமா எனக்குப் பத்தடி முன்னால். கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அஞ்சலை தோளைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 2, திங்கள்

பனி இல்லை. கரண்டும் இல்லை.

ஐந்தரைக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கோவிந்தனிடம் போனேன். இந்த முறை கேட்டேன். வாய்விட்டு.

வாங்கவில்லை. "இன்னிக்கி வாணாம்மா. அத்தினி பேரு கண்ணும் நம்ம ரெண்டு கொட்டா மேலதான் கீது. நான் உங்க சாவிய வாங்கினா அதுக்கு ஒரு கத கட்டுவானுங்க. நீங்களே நில்லுங்க. நாலு நாளு போவட்டும், அப்பொறம் வாங்கிக்கறேன்." கோபம் இல்லை குரலில். கணக்குச் சரிதான்.

ஆறே கால். பஸ் வளைவில் இரண்டு ஹாரன், எனக்காக. பஸ்ஸை விட்டேன். மூன்றாவது மெமோ. கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றேன். ஏழு. ஏழரை. வேர்வை. தீப்பெட்டி வீட்டில்.

எட்டு ஐந்து. கொட்டகை பல்பு எரிந்தது. பச்சைப் பொத்தானை விரலால் அழுத்தினேன். இரண்டு இருமல், பிறகு ஓட்டம். பக்கத்தில் கோவிந்தன் மோட்டார். தூரத்தில் மூன்றாவது. தண்ணீர் வாய்க்காலில் இறங்குவதைப் பார்க்கவில்லை. காதை நாலாவதுக்கு வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் தெரியாது.

மாமாவுக்கு மருந்து வேளை. கோவிந்தனைக் கொட்டகைப் பக்கம் கண் வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நேற்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. மருந்துப் பாட்டிலைத் திறந்தேன்.

"மூணுதான் ஓடுது" என்றார்.